இசக்கியம்மாளின் மாடு ஏன் செத்தது?

கரும்பலகையில் நான் எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ‘மாடு ஏன் செத்தது?’ அவ்வளவுதான். அதற்குக் கீழே மூன்று கட்டம். முதல் கட்டத்தின் தலையில் ‘சொல்வது’, இரண்டாவதில் ‘கண்டது’, மூன்றாவதில் ‘ஏன்’.

சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பலகையைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பலகையைப் படித்தார்.

“லில்லி, இது எந்தப் பாடம்?”

“ஜெனரல் சயன்ஸ்தான் அம்மா. ஜீவராசிகள்.”

“அதுதான் செத்துப்போச்சே. பிறகு என்ன ஜீவராசி?”

மற்ற நாளாக இருந்தால் பிள்ளைகள் கூரை பறக்கச் சிரித்திருப்பார்கள். அன்றைக்கு ஒருத்தியும் சிரிக்கவில்லை. செத்த மாட்டின் சொந்தக்காரி மகள் பகவதி மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது இமை வீங்கியிருந்தது. அவளுக்குப் பக்கத்து இடம் காலி.

போன வாரம் இந்தத் தொடரில் வந்த, நான் பொன்முடி மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அட்டைக்கடி பட்ட கதையைப் படித்துவிட்டு, ‘வயிறு வலிக்கச் சிரித்தோம்’ என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிப்பு குறைவு. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

தேங்கிய நீரில் டீச்சர்!

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். திருவனந்தபுரத்தில் மகாராஜா இருந்த இடத்துக்கு மந்திரிகள் வந்து, அவர்களும் வாடகைக்குக் குடிவந்தவர்கள் மாதிரி மாறிக்கொண்டே இருந்த காலம். தெற்கே தமிழ் பேசும் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போவார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் அரை நாள்.

நான் பாளையங்கோட்டைக்காரி. பி.எஸ்ஸி.யும் ஆசிரியர் பயிற்சிக்கான எல்.டி.யும் முடித்த கையோடு தம்பானூர் ஸ்டேஷனில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினேன். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு பெண்கள் ஹைஸ்கூலில், தமிழ்ப் பிரிவுக்கு சயன்ஸ் டீச்சர். வேலை நிரந்தரமாக இன்னும் ஆறேழு மாதம் இருந்தது.

பிள்ளைகள் கெட்டிக்காரிகள். தங்களுக்குள் மலையாளம் பேசுவார்கள், என்னிடம் தமிழ் பேசுவார்கள், புத்தகத்தை அப்படியே ஒப்பிப்பார்கள். “கொசு எங்கே முட்டையிடும்?” என்று கேட்டேன், முதல் வாரத்தில். “தேங்கிய நீரில் டீச்சர்!” என்று முப்பது குரல் ஒரே மூச்சில்.

ஜன்னலுக்கு வெளியே ஓர் உடைந்த பானை. அதில் மழைத் தண்ணீர். தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறது. எல்லோரையும் வெளியே வரச் சொல்லி, “இது என்ன?” என்றேன்.

“மழைப்புழு டீச்சர். மழை பெய்ஞ்சா வரும்.”

எனக்கு வந்ததே கோபம்! பானையை ஓங்கி ஓர் உதை விட்டேன். கால் பெருவிரல் நகம் பெயர்ந்து ஒரு வாரம் நொண்டினேன். நொண்டிக்கொண்டே யோசித்ததில்தான் அந்த மூன்று கட்டம் பிறந்தது.

எந்தப் பயிற்சிக் கல்லூரியும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை. எங்கள் அப்பா ஆஸ்பத்திரி கம்பவுண்டர். காய்ச்சல் என்று யாராவது வந்தால், “எப்போ வந்தது? என்ன சாப்பிட்டே? வீட்டுல வேற யாருக்கு?” என்று குடைந்தெடுத்த பிறகுதான் கலக்குகிற குப்பியில் கை வைப்பார். அதைத்தான் நான் பலகையில் ஏற்றினேன். நீ என்ன சொல்கிறாய், அதற்கு எதைக் கண்டாய், கண்டதிலிருந்து சொல்வதற்கு எப்படி வந்தாய். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் முதல் கட்டத்தையும் அழித்துவிடுவேன்.

பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தெருவில் நடப்பதைக் கொண்டுவரச் சொன்னேன். கிழக்கு வரிசை வீடுகளில் மட்டும் ஏன் சிரங்கு? எங்கள் வீட்டுத் தயிர் ஏன் நூலாக இழுக்கிறது? சண்டை போடுவார்கள், அழிப்பார்கள், மறுபடி எழுதுவார்கள். ஃபிஃப்த் ஃபார்மில் அந்தச் சத்தம் கேட்டு அடுத்த வகுப்பு வரலாற்று டீச்சர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதிலெல்லாம் முன்னால் நின்றவர்கள் பகவதியும் சரோஜினியும். ஒரே தெரு, ஒரே பெஞ்சு. பகவதிக்கு வாய். எதற்கும் ‘அது எப்படி டீச்சர்?’ என்பாள். சரோஜினி பேசமாட்டாள், பார்ப்பாள். மற்றவர்கள் விட்டுவிட்ட ஒன்றைக் கடைசியில் மெதுவாக எழுந்து சொல்வாள். இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு விஞ்ஞானி என்று நான் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

கழுநீர்த் தொட்டி

அவர்கள் தெருவை ஒரு முறை பார்த்தால்தான் விஷயம் புரியும்.

பகவதியின் அம்மா இசக்கியம்மாள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து, சாலைக் கடைத்தெருவின் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதிய புருஷனோடு வந்தவள். அவர் போய்ச்சேர்ந்த பிறகு ஊருக்குத் திரும்பாமல் ஒரு மாட்டை வைத்துக்கொண்டு பால் விற்றாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டதாக ஊரிலிருந்து கடிதம் மேல் கடிதம். “இந்த மாடு கறக்குற வரைக்கும் எம்மவ படிக்கட்டும். அதுக்கு மேல என்னைக் கேக்காதீய” என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அவள் வீட்டு வாசலில் ஒரு கல் தொட்டி. தெருவில் எந்த வீட்டில் அரிசி கழுவினாலும் அந்தக் கழுநீர் அந்தத் தொட்டிக்குத்தான் வரும். காய்கறித் தோலும் அப்படியே. யார் கொண்டுவந்து ஊற்றினார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை, கேட்பதில்லை. பாலை எல்லோரும் வாங்குகிறார்கள், தொட்டியை எல்லோரும் நிரப்புகிறார்கள்.

இரண்டு வீடு தள்ளி சரோஜினியின் அம்மா தங்கம்மாள். பாறசாலைப் பக்கத்துக்காரி. நீங்கள் மரவள்ளி என்பீர்கள், அங்கே மரச்சீனி. சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மரச்சீனி அவித்து, மீன்குழம்பு ஊற்றிக் கொடுப்பாள். அரிசி ரேஷனில் அளந்து கிடைத்த நாட்கள் அவை. பாதி ஊரின் வயிறு அந்தக் கிழங்கில்தான் நிரம்பியது. அவள் வீட்டுத் தோல் தினமும் ஒரு கூடை தொட்டிக்குப் போகும்.

ஒரு சாயங்காலம் மாடு நுரை தள்ளிக் கீழே விழுந்தது. வயிறு உப்பி, கால் இழுத்து, விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிட்டது.

“மரச்சீனித் தோலுல விஷம் இருக்கு. அவதான் கொன்னா” என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். மறுநாள் காலை அது தெருவே சொல்கிற பேச்சாகிவிட்டது. இசக்கியம்மாளின் பாலுக்கு வருகிற கிராக்கி தங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லையாம். பால் விற்கிறவளுக்கும் கிழங்கு விற்கிறவளுக்கும் என்ன போட்டி? கேட்பாரில்லை. தங்கம்மாளிடம் சாப்பிட வந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். வீட்டுக்காரர் மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

சரோஜினி பள்ளிக்கூடம் வருவது நின்றுபோனது. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். அம்மாவைக் கொலைகாரி என்கிறார்கள், எந்தப் பெண் தலை நிமிர்ந்து வருவாள்? பாடம் நடத்தும்போதெல்லாம் என் கண் அந்தக் காலி இடத்துக்கே போனது.

முப்பது பதில்கள்

அதனால்தான் பலகையில் மாட்டை ஏற்றினேன். வாய்க்கு வந்ததைச் சொல்லும் தெருவுக்கு, யோசிக்கத் தெரிந்த பிள்ளைகள் பதில் சொல்லட்டும் என்ற எண்ணம். தங்கம்மாள் மேல் விழுந்த பழியைத் துடைத்து, சரோஜினியை அந்த பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்தேன். இருபத்து மூன்று வயதில் அப்படித்தான் தோன்றும்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா தலையில் அடித்துக்கொண்டு போனதும் ஆரம்பித்தோம்.

கண்ணேறு என்றாள் ஒருத்தி. நான் அதட்டவில்லை. ‘சொல்வது’ கட்டத்தில் எழுதி, “எதைக் கண்டே?” என்றேன். “ஊர்ல எல்லாரும் பறயுது டீச்சர்.” “நீ எதைக் கண்டே?” உட்கார்ந்துவிட்டாள். பாம்பு என்றாள் இன்னொருத்தி. காலில் பல் பட்ட அடையாளம் யாரும் பார்க்கவில்லை. வெயில் என்றார்கள். அதே வெயிலில் பக்கத்துத் தெரு மாடு ஜம்மென்று நிற்கிறது.

கடைசியில் பகவதி எழுந்தாள். “மரச்சீனித் தோல் டீச்சர். தொட்டில தோல் கெடந்துச்சு. நானே பாத்தேன். அதுதான் கண்டது.”

“சரி. ரெண்டு வருஷமா அந்தத் தோலைத் தின்னுச்சா இல்லையா?”

“தின்னுச்சு.”

“அப்போ அன்னைக்கு மட்டும் ஏன்?”

‘ஏன்’ கட்டம் காலி. நான் உள்ளுக்குள் துள்ளினேன். இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் தங்கம்மாள் தப்பித்தாள்!

“அன்னைக்கு மட்டும் அந்த மாடு புதுசா என்ன தின்னது? யோசிச்சுச் சொல்லுங்க.”

நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ்ஸில் வருகிற வனஜா என்ற பெண், இதில் என்ன பெரிய விஷயம் என்கிற மாதிரி எழுந்தாள். “எலை தின்னிருக்கும் டீச்சர். மரச்சீனிக்க பச்சை எலை. எங்க மாமனுக்க ஆடு ரெண்டு அப்படித்தான் செத்துப்போச்சு. எலைய மாட்டுக்குக் காட்டவே கூடாது. எல்லாருக்கும் தெரியுமே.”

பாதி வகுப்பு தலையாட்டியது. “ஆமா டீச்சர், தெரியும்.”

எனக்குத் தெரியாது. பாளையங்கோட்டையில் மரச்சீனிக்கு நாங்கள் எங்கே போவோம்? கிழங்கையே திருவனந்தபுரம் வந்துதான் கண்ணால் பார்த்தேன். இங்கே தாய்ப்பாலோடு குடித்த சங்கதியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தெரியாத ஆள் ஒருத்தி இருப்பாள் என்று யாருக்குத் தோன்றும்?

“ஆனா அந்தத் தெருவுல மரச்சீனிச் செடி கிடையாதே” என்றாள் வேறொருத்தி. “கிழங்கு சாலைலேர்ந்து வருது. எலைக்கு எங்க போவும்?”

எங்கே போகுமா? மாடு செத்த அன்றைக்கு, அதே நாள் மத்தியானம், இலையில் ஸ்டார்ச் இருப்பதைக் காட்டும் பரிசோதனை நடத்தினேன். ஸ்பிரிட்டில் அவித்து, ஐயோடின் விட்டு, நீலமாவதைக் காட்டும் அந்தப் பரிசோதனைதான். ஆளுக்கு ஓர் இலை வேண்டும். பள்ளி மதிலோரம் காவல்காரர் நட்டு வைத்திருந்த மரச்சீனிச் செடியிலிருந்து நானே ஒரு கூடை பறித்தேன். பாதிக்கு மேல் மிஞ்சியது.

பகவதியைப் பார்த்தேன். அவள் யாரையும் பார்க்கவில்லை. நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கேல் கோணலாகப் போனது.

படாததாப் பாத்து

மணி அடித்து எல்லோரும் போன பிறகு அவளை நிறுத்தினேன்.

“மிஞ்சின இலையை என்ன பண்ணினே?”

“நீங்க குப்பையைக் கொட்டிட்டுப் போகச் சொன்னீயல்லா டீச்சர். நானும் சரோஜினியும் இருந்தோம். அவ குடுவை கழுவினா. நான்...” ஸ்கேலை நோட்டுக்குள் சொருகினாள். “கன்னு போட்டதுலேர்ந்து மாட்டுக்குப் பசும்புல் கெடைக்கல. நல்ல எலையாக் கெடக்கேன்னு எடுத்துட்டுப் போனேன். அந்த மருந்து பட்டதுல விஷம் இருக்குமோன்னு, படாததாப் பாத்துப் பாத்துப் பொறுக்கினேன் டீச்சர்.”

படாததாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள்! நான் சொல்லிக்கொடுத்த கவனம்தான். ஐயோடினில் விஷம் இருக்கலாம் என்று யோசித்த பெண்ணுக்கு, இலையிலேயே இருக்கும் என்று சொல்ல அவளுடைய டீச்சருக்குத் தெரியவில்லை. என் அறியாமையை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

“டீச்சர், மூணாவது கட்டத்துல என்ன எழுதணும்?”

“ஒண்ணும் எழுதாதே. வீட்டுக்குப் போ. யாருகிட்டயும் இப்போ சொல்லாதே.”

பாருங்கள், நானேதான் சொன்னேன். காலியாக விட்டால் அழித்துவிடுவேன் என்று மிரட்டிய அதே ஆள்.

மூன்று நாள்

அடுத்த மூன்று நாளும் எனக்குத் தலையும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை.

முதலில், அது நிச்சயமா? மாட்டாஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் காதைக் குடைந்துகொண்டே, “இலையிலும் விஷம் உண்டு, தோலிலும் உண்டு. எது கொன்றது என்று நான் எப்படிச் சொல்ல? மாடு எங்கே?” என்றார். புதைத்தாகிவிட்டது. “பிறகென்ன?” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஆக, தங்கம்மாளின் தோலும் முழுக்கத் தப்பவில்லை. இரண்டு வருஷம் ஒன்றும் ஆகாமல் அன்றைக்கு மட்டும் ஆனதற்கு இலைதான் காரணம் என்று என் புத்தி சொல்கிறது. ஆனால் கையில் வைத்துக் காட்ட ஒன்றுமில்லை.

சொன்னால் பகவதி என்ன ஆவாள்? மாடு போனதிலேயே அவள் படிப்பு ஊசலாடிக்கொண்டிருக்கிறது. கொன்றது மகள், அதுவும் பள்ளிக்கூடத்து இலை என்று தெரிந்தால் இசக்கியம்மாள் சும்மா விடுவாளா?

சொல்லாவிட்டால்? மாசக் கடைசிக்கு ஒன்பது நாள். செய்யாத குற்றத்துக்குத் தங்கம்மாள் சட்டி பானையோடு தெருவில் நிற்பாள். சரோஜினி வெட்கத்தில் வீட்டுக்குள்ளேயே கிடப்பாள்.

இதற்கு நடுவில் என் வேலை. மறைப்பானேன், அதுவும் மனதில் ஓடியது. ‘விஷ இலையை வகுப்பில் கொடுத்த டீச்சர்’ என்று ஒரு கடிதாசி மேலே போனால் டிரங்குப் பெட்டியைத் தூக்கவேண்டியதுதான். ஜெபம் பண்ண முழங்கால் போட்டால் ஜெபத்திலும் இதே கணக்கு. ஒரு பக்கம் போனால் ஒரு பெண் போகிறாள், மறுபக்கம் போனால் இன்னொரு பெண்.

வெள்ளிக்கிழமை மறுபடி அந்தக் காலி இடத்தைப் பார்த்தேன். வெட்கப்பட ஒன்றுமே செய்யாத பிள்ளை ஒளிந்துகொண்டிருக்கிறதே என்று மனம் கொதித்தது. அந்தக் கொதிப்பில் முடிவு பண்ணினேன். நான் எதையும் கொதிப்பில்தான் முடிவு பண்ணுவேன், அது என் வியாதி.

தொட்டியடியில்

சனிக்கிழமை காலை பகவதியோடு தெருவுக்குள் நுழைந்தேன். “நான்தான் இலை கொடுத்தேன்னு சொல்லிடுறேன். நீ பேசாம நில்லு” என்று வழியெல்லாம் அவளிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

இசக்கியம்மாள் தொட்டியைக் கழுவிக் கவிழ்க்க முடியாமல் அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கன்றுக்குட்டி கட்டுத்தறியில் கத்திக்கொண்டிருந்தது. நாலு வீட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். டீச்சர் வீட்டுக்கு வந்தால் வேடிக்கைதானே.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பரிசோதனை, மிஞ்சிய இலை, அதில் இருக்கிற விஷம். தோலை இரண்டு வருஷம் தின்றும் மாட்டுக்கு ஒன்றும் ஆகாததையும் சொன்னேன்.

இசக்கியம்மாள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “எலை தின்னு மாடு சாவுமா டீச்சரம்மா? எங்க ஊர்ல மாடு எலைதான் திங்கும். அவளுக்கு ஏன் பரிஞ்சுக்கிட்டு வாரீய? அவ மவ உங்ககிட்ட வந்து அழுதாளாக்கும்?”

“இல்லை, நான் கொடுத்த இலைதான்...”

“நீங்க எப்ப எங்க வீட்டுக்கு வந்து மாட்டுக்கு எலை போட்டீய?”

என் கதையில் அந்த இடம் ஓட்டை. தெரு முழுக்க என்னைப் பார்த்தது. அப்போதுதான் பகவதி முன்னால் வந்தாள்.

“நான் போட்டேம்மா.”

பலகைக்கு முன்னால் நிற்பது போலவே நின்று வரிசையாகச் சொன்னாள். எத்தனை மணிக்குக் கொண்டுவந்தாள், எத்தனை பிடி, மாடு எப்படி ஆவலாகத் தின்றது, எவ்வளவு நேரத்தில் நுரை வந்தது. “தோல் தெனமும் தின்னுச்சு. எலை அன்னைக்கு மட்டும்தான் தின்னுச்சு. அதனால எலைதாம்மா. தங்கம்மா அத்தை ஒண்ணும் பண்ணல.” அதைவிடச் சுத்தமான விளக்கத்தை என் நாற்பது வருஷ உத்தியோகத்தில் எந்த மாணவியும் சொல்லி நான் கேட்டதில்லை.

கூட்டத்தில் ஒரு பெண், “பச்சை எலையா போட்டா? அய்யோ, அது சாவத்தான செய்யும்” என்றாள். அவ்வளவுதான். தெருவுக்குச் சந்தேகம் தீர்ந்தது. எத்தனை வேகமாகப் பழி சொன்னார்களோ, அத்தனை வேகமாக அதை இடம் மாற்றினார்கள்.

இசக்கியம்மாள் மகளை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். எழுந்து முந்தானையை உதறினாள்.

“நல்லாப் படிக்க வச்சீய டீச்சரம்மா. மாட்டையும் கொன்னு, தெரு முன்னால என்னையும் நிக்க வச்சாச்சு. பச்சப் புள்ள மாதிரி வளத்த மாடு. ஏட்டி, உள்ள போ. இனி பள்ளிக்கூடம் கெடையாது.”

நான் கெஞ்சினேன். காலைத் தொடாத குறை. கதவு சாத்தியது சாத்தியதுதான். அந்த ஆவணியில் பகவதியைத் திருநெல்வேலிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நான் பிறகு அவளைப் பார்க்கவில்லை. கடிதம் போட்டேன், பதில் வரவில்லை.

தங்கம்மாள் சொன்னது

மறுநாள் கோயில் ஆராதனை முடிந்து நேரே தங்கம்மாள் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்துத்தான் போனேன். ஒரு பெண்ணைத் தொலைத்துவிட்டேன், இன்னொருத்தியையாவது காப்பாற்றியிருக்கிறேனே என்று ஆறுதல் தேடிப் போனேன்.

வாசலில் சாப்பிட ஆட்கள் வந்துவிட்டார்கள். வீட்டுக்காரரும் இருங்கள் என்று சொல்லியாகிவிட்டதாம். தங்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உட்காரப் பலகை போட்டாள். முகம் மட்டும் கொடுக்கவில்லை.

“எதுக்கு டீச்சரே இப்படிச் செய்திய?”

எனக்குப் புரியவில்லை. “உங்க மேல பழி...”

“எலைதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். மாடு விழுந்துன்னு கேட்டு ஓடிப் போனேன். தொட்டிக்குப் பொறத்தால மரச்சீனி எலைக்க செவப்புத் தண்டு நாலஞ்சு கெடந்து. கண்டதும் மனசிலாச்சு. யாரும் பாக்கறதுக்கு முந்தி பொறுக்கிக் கொண்டாந்து அடுப்புல வச்சேன்.”

“அடுப்புலயா? ஏன்?”

“ஏனா? இசக்கி அறிஞ்சா அந்தப் பிள்ளைக்கப் படிப்பு அன்னைக்கே தீந்துருமுல்லா. பாவம், அறியாம செய்த காரியம். எனக்க மோள் கூடயே வளந்த பிள்ளை.”

“வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்களே!”

“வேற வீடு கிட்டாதா? சாலையில மரச்சீனி திங்க ஆளா இல்ல? கொஞ்ச நாள் ஏசுவாவ. அடுத்த சண்டை வந்தா இதை மறந்துருவாவ.”

“ஆனா சரோஜினி? வெட்கத்துல பள்ளிக்கூடம் வராம ஒளிஞ்சு கிடந்தாளே. அவளுக்காகத்தானே நான்...”

தங்கம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, ஒரு மாதிரி இரக்கம்.

“வெக்கமா? அவளுக்கு என்ன வெக்கம்? நாந்தான் போவாண்டாம்னு சொன்னேன். பகவதி எலை பொறுக்குனத அவ கண்டவ. மாட்டுக்குன்னு அப்ப அறியல. நீங்க எழுப்பி நிறுத்தி ‘என்ன கண்டே’ன்னு கேப்பியளாம். கேட்டா சொல்லிப்போடுவா. அவளுக்குக் கள்ளம் சொல்ல வராது. ஒரு மாசம் போவட்டு, மாட்டுப் பேச்சு அடங்கட்டு, பிறகு போலாம்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருந்தோம்.”

காலி இடத்தைக் கண்டேன். வெட்கம் என்று சொன்னேன். நடுவில் இருந்ததை நான் யாரிடமும் கேட்கவே இல்லை. நேற்று நான் நின்ற தொட்டிக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அவள் இருந்தாள். ஒரு நாள் வந்து கேட்டிருக்கலாம்.

வாசலில் யாரோ குழம்பு கேட்டார்கள். தங்கம்மாள் எழுந்து போனாள்.

உள்ளேயிருந்து சரோஜினி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். போகாமல் நின்றாள். பாவாடை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

“டீச்சர், நாளைக்கு நான் வரலாம்னு அம்மை சொன்னா.”

“வாம்மா.”

“பகவதியும் வருவாளா?”

“வருவா” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.